அடிபட்ட பறவைக்கு அழைக்க வேண்டிய எண்

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு வருடம் ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனிதர், மூன்றாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக் கிடந்தார். கீழே இறங்க வேண்டுமென்றால் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் வர வேண்டும். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் கூடச் சேர்ந்து சிரிப்பதா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதா என்று விளங்காது. விளங்காதவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மார்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. வாய் அதைவிட நன்றாக இருந்தது. மனைவி அடுத்த தெருவில் ஒரு விடுதியின் லாண்டரியில் வேலை பார்த்தாள். காலையில் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, யூரின் பையைக் காலி செய்து, தண்ணீர்க் குடுவையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். பத்தரைக்கு ஒரு தரம், ஒரு மணிக்கு ஒரு தரம் ஓடி வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அவருக்கு ஒரு சீலிங் ஃபேனும், ஜன்னலும், கட்டில் சட்டத்தில் அவரே ஒயர் கட்டித் தொங்கவிட்டிருந்த போனும்தான் துணை.

படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆன பிறகு, ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு பச்சைக் குருவி விழுந்து கிடக்கிறது, வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுகிறது, என்ன செய்யட்டும் என்றாள். தப்பான நம்பர் என்று இவர் சொன்னார். பூங்கா வாசலில் போர்டில் போட்டிருக்கிற நம்பர் இதுதானே என்று அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். படித்தது அவருடைய நம்பர்தான்.

"அப்ப நான் யார்கிட்டங்க கேக்கறது? இது செத்துடும் போல இருக்கு."

அவருக்கு எரிச்சலாக வந்தது. எனக்கென்ன தெரியும் என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு, பத்தரைக்கு மனைவி வந்து புரட்டிவிட்டுப் போன பின்னும் அந்தக் குருவியையே நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், அதற்கு மறுநாள் ஐந்து பேர். ஊரில் இருக்கிற பூங்காக்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் 'அடிபட்ட பறவையைக் கண்டால் அழைக்கவும்' என்று புதிதாகப் போர்டு வைத்திருந்தார்கள். பறவைகள் மருத்துவப் பிரிவின் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறி அச்சாகி, அது லிஃப்ட்காரரின் கட்டிலுக்கு மேல் மணியடித்தது.

சரியான நம்பரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எண்களை மாற்றிப் போட்டு அவரே கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் ஒரு பெண் எடுத்தாள். ஒரே ஒரு டாக்டர், அவர் மாட்டாஸ்பத்திரியையும் சேர்த்துப் பார்க்கிறார், போன் இருக்கிற அறை பாதி நேரம் பூட்டிக் கிடக்கும், தான் கூண்டு கழுவுகிறவள், நீங்கள் சொல்கிற போர்டு விஷயத்தை யாரிடம் சொல்வதென்று தனக்கே தெரியாது என்றாள்.

"சரி, அத விடுங்க. கூப்பிடறவங்ககிட்ட நான் என்ன சொல்லணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் சொல்லச் சொல்ல, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அவளுடைய சொந்த நம்பரையும் வாங்கிக்கொண்டார். நர்ஸ் இல்லையென்று அவள் எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அவள் நர்ஸம்மாதான். அவள் முகத்தை அவர் கடைசி வரை பார்க்கவில்லை.

அவள் சொன்னது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. ஒரு துணியைப் போட்டு மூடி மெதுவாக எடுக்க வேண்டும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, சாப்பாடு கொடுக்கக் கூடாது. வாயில் ஊற்றுகிற தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் மோதியதாக இருந்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் பல பறவைகளுக்குத் தானாகவே தெளிந்துவிடும்; வெளியே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் பறந்துவிடும். தெளியாவிட்டாலோ, இறக்கை தொங்கினாலோ, பூனை வாய் வைத்திருந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டும். இறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரிகிற குஞ்சாக இருந்தால் தொடவே வேண்டாம், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

மொத்தத்தில் எதையும் செய்யாமல் இருக்கச் சொல்வதுதான் வேலை. அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று ஒரு மாதத்தில் அவருக்குப் புரிந்தது. ஜனங்களுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒருவர் பாலில் ரொட்டியைத் தோய்த்து ஊட்டிவிட்டுத்தான் போன் செய்வார். ஒரு அம்மாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருப்பாள். ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக் காலுக்குக் கட்டுப் போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கட்டு எவ்வளவு இறுக்கம் என்று பெருமையாக வேறு சொன்னார். லிஃப்ட்காரர் யாரையும் சும்மா விடவில்லை.

"அம்மா, உங்களை லாரி மோதினா முதல்ல சாப்பாடு கேப்பீங்களா? மூடி வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தே அது செத்துடும்."

திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் போல என்று பயந்து சொன்னபடி செய்தார்கள். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, பறந்துவிட்டது சார் என்று தழுதழுத்தார்கள். சரி சரி, வைங்க, லைன்ல ஆள் இருக்கு என்பார் இவர். லைனில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தூக்காதே, தொடாதே என்று அவர் சொல்கிறபோது குரலில் ஒரு வெறி ஏறும். மனைவிக்கு அதன் காரணம் தெரியும்.

அவர் விழுந்தது ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில். லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது எண்ணெயில் கால் வழுக்கிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. ஒன்றரை மாடி உயரம், கீழே குழிக்குள் மல்லாந்து விழுந்தார். நினைவு தப்பவில்லை. குழிக்குள் படுத்தபடி முதலில் அவர் செய்த காரியம், ஷூவுக்குள் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தது. அசைந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினார்.

மேலே மோட்டார் அறையிலிருந்து தம்பி ஓடி வந்தான். தம்பி அவரைவிட ஒன்பது வயது சின்னவன், பதினான்கு வருடமாக அவரோடேயே வேலை பார்ப்பவன். அண்ணன் கை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழிக்குள் குதித்து, அண்ணனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, வாட்ச்மேனைப் பிடிக்கச் சொல்லி மேலே இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை ஓடினான். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்த்தி, மடிந்து மடிந்து விழுந்தவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட்காரர் மறுபடி கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். ஷூ காலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்த ஒரு டாக்டர், ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுப் படங்களை உறையில் போட்டார். விழுந்ததில் எலும்புதான் உடைந்திருக்கும், தண்டுவடம் பெரும்பாலும் அப்புறம் நசுங்கியிருக்கும், அசைக்காமல் அப்படியே பலகையில் எடுத்து வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம், சரி, இப்போது அதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்றார்.

அன்று சாயங்காலமும் தம்பி வழக்கம்போல வேலை முடிந்து வந்து, எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணன் காலைத் தேய்க்க உட்கார்ந்தான். எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் அப்படி வந்துகொண்டிருந்தான். லிஃப்ட்காரர் சீலிங்கைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்தக் கால் நான் விழுந்தப்ப அசைஞ்சுதுடா. நீ தூக்கினப்பதான் செத்துது. டாக்டரே சொல்லிட்டார்."

தம்பி எண்ணெய் பாட்டிலுக்கு மூடி போட்டான். கையைத் துடைத்தான். அண்ணியிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் மாடிப்படி இறங்கிப் போனான். அதன் பிறகு வரவில்லை. மனைவி இரண்டு தரம் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவன் வெளியே வரவில்லை. அவன் மனைவிதான் கதவைப் பாதி திறந்து பேசி அனுப்பினாள். சொல்லியிருக்க வேண்டாமே என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். உண்மையைத்தானே சொன்னேன் என்றார் லிஃப்ட்காரர். உண்மைதான்.

பறவைகள் வந்த பிறகு வீட்டில் காற்று மாறியது. காலையில் மனைவி கிளம்புவதற்குள் அவரே அவசரப்படுத்துவார்: சீக்கிரம் துடை, எட்டு மணிக்கு மேல் ஜனங்கள் நடைப்பயிற்சி போகிற நேரம், போன் வர ஆரம்பித்துவிடும். ஷேவ் செய்துகொண்டார். போனில் முகம் தெரியாது என்று அவள் சொன்னதற்கு, குரலில் தாடி தெரியும் என்றார். மருந்துச்சீட்டு போய் ஒரு நோட்டு வந்தது. மைனா, மரங்கொத்தி, கொக்கு, வல்லூறு என்று எழுதி, பக்கத்தில் பறந்தது, கொண்டுபோனார்கள், செத்தது என்று குறித்துக்கொண்டார். செத்ததுதான் அதிகம். அதைப் பற்றி அவர் அழுததில்லை. நல்லபடியாகச் செத்தது என்பார். நல்லபடி என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டதற்கு, எவன் கையும் மேலே படாமல் என்றார்.

பருந்திடம் மூக்கைவிடக் கால் நகம்தான் ஆபத்து என்பதும், கொக்கைப் பிடித்தால் முதலில் அது கண்ணைத்தான் குத்தப் பார்க்கும் என்பதும் அவர் விரல்நுனியில் இருந்தது. இதில் எந்தப் பறவையையும் அவர் தொட்டதில்லை. பாதியைப் பார்த்ததுகூட இல்லை. தெரியாததை நர்ஸம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாளடைவில் அவளே, நீங்க சொல்லி அனுப்பறதுங்கதான் சார் உயிரோட வந்து சேருது என்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் தரம் அதைக் கேட்ட அன்றைக்கு அவர் மனைவியிடம் அதை மூன்று விதமாகத் திருப்பிச் சொன்னார்.

ஆனால் வெளி ஆளிடம் பேசும்போது மட்டும் ஒரே புலம்பல். "ஒரு வாய் சோறு நிம்மதியா தின்ன விடறாங்களா? எவனோ நம்பரத் தப்பா அடிச்சான், என் உயிர் போவுது" என்பார். மருந்துக்கடைக்காரரிடம் அதே பாட்டு. வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் வேலையைத் திட்டுவார்களே, அந்த மாதிரித் திட்டு அது. மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். மறுபடியும் அவருக்குத் திட்டுவதற்கு ஒரு வேலை இருந்தது.

இப்படி ஏறக்குறைய மூன்று வருடம்.

மழை விட்ட ஒரு காலை நேரத்தில் போன் அடித்தது. பேர் எதுவும் தெரியவில்லை, வெறும் நம்பர்தான். தம்பியின் பேரை அவர் எப்போதோ போனிலிருந்து அழித்திருந்தார்.

"பறவை ஆஸ்பத்திரிங்களா?" என்றது குரல்.

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. பதினான்கு வருடம் லிஃப்ட் குழிக்குள் மேலும் கீழுமாகக் கேட்ட குரல். தம்பி ஒரு குடியிருப்பின் மோட்டார் அறையில் ஆந்தை ஒன்று அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். வாசல் போர்டில் இருந்த நம்பரை அழுத்தியிருக்கிறான். அழுத்தி முடித்ததும் திரையில் 'அண்ணன்' என்று வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது லிஃப்ட்காரருக்குத் தெரிந்ததெல்லாம், அவன் பேசுகிறான், இந்தப் பக்கம் யார் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

"சொல்லுங்க" என்றார், எல்லாரிடமும் சொல்கிற மாதிரி.

ஆந்தை, ஒரு பக்க இறக்கை தொங்குகிறது, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறது என்றான். இவர் துணி, அட்டைப்பெட்டி, இருட்டு என்று வரிசையாகச் சொன்னார். தண்ணீர் காட்டக் கூடாது என்பதை இரண்டு தரம் சொன்னார்.

"நான் ஏற்கனவே தூக்கிட்டேங்க. மெஷினுக்கு அடியில இருந்துச்சு, கையால புடிச்சு இழுத்துட்டேன். தப்புங்களா?"

லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

"தூக்கினது தூக்கினதுதான். இனிமே தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க." வைக்காமல் நின்றான். "உங்களுக்கு தினமும் இப்படி போன் வருதுங்களா?"

வாய்க்குப் பழகிப்போன பாட்டையே பாடினார். வருது, ஒரு நாளைக்குப் பத்து, தூங்க விடறதில்ல, தின்ன விடறதில்ல, எவன் பண்ணின தப்போ நான் அனுபவிக்கிறேன் என்றார். கடைசி வார்த்தை வேறெங்கோ போய்த் தைத்திருக்கும் என்று வைத்த பிறகுதான் உறைத்தது. அன்று முழுக்கப் போன் வந்தபோதெல்லாம் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். தம்பி திரும்பக் கூப்பிடவில்லை. மனைவியிடம் அவர் இதைச் சொல்லவும் இல்லை. நோட்டில் ஆந்தை என்று எழுதி, பக்கத்தில் எதுவும் குறிக்காமல் விட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் போன் குறைய ஆரம்பித்தது. பத்து ஆறாயிற்று, மூன்றாயிற்று. பறவைக்கும் நல்ல காலம் வந்துவிட்டதோ என்று முதலில் கிண்டலடித்தார். பிறகு போனில்தான் கோளாறு என்று, மனைவியை மாடிப்படியில் நின்று அவளுடைய போனிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். மணி நன்றாகவே அடித்தது. ஒரு வாரம் ஒரு அழைப்பும் வராமல் போன பிறகு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. யாரோ ஒருவர் ஆபீசுக்குப் புகார் கொண்டு வந்தாராம். போர்டில் நம்பர் தப்பு, படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளி ஒருவரை ஊரே போன் போட்டு வதைக்கிறது என்று எழுதிக் கொடுத்தாராம். நான்கு தரம் அலைந்தாராம். ஆபீசில் ஆள் இல்லை என்று கையை விரித்ததும், ஸ்டிக்கரை மட்டும் கொடுங்கள், நானே ஒட்டுகிறேன் என்று வாங்கிப் போனாராம்.

"ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்றாள். "இப்ப இங்க மணி அடிச்சுக்கிட்டே கிடக்கு. எடுக்க ஆள் இல்ல. டாக்டர் ரிசீவரைக் கழட்டிக் கீழ வச்சிடறார்."

என் நம்பரையே நாலு பேரிடம் கொடுங்களேன் என்று லிஃப்ட்காரர் கேட்டார். கேட்கும்போது குரல் கெஞ்சுகிறதென்று அவருக்கே தெரிந்தது. அதுவும் முடியாது என்றாள். அந்தப் புகாருக்குப் பிறகு, வெளி ஆள் யாரும் பறவைக்கு வைத்தியம் சொல்லக் கூடாது என்று எழுத்தில் ஆர்டர் வந்திருக்கிறது. கொடுத்தால் தன் வேலைக்கு உலை.

அந்த முகம் தெரியாத நல்ல மனுஷனை லிஃப்ட்காரர் ஐந்து நாள் திட்டினார். காலையில் கண் விழித்ததும் ஆரம்பிப்பார். எவன் அவன், யார் அவனைக் கூப்பிட்டது, அவன் கை அழுகட்டும், நான் வதைபடுகிறேன் என்று அவனிடம் வந்து அழுதேனா? மனைவி காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். ஆனால் அவள் தடுக்கவில்லை. அவருக்கு எது போயிற்று என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பார்த்துச் சும்மா படுத்திருந்த அந்த முதல் இரண்டு வருடத்தை அவள்தான் அருகிலிருந்து பார்த்தவள்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி இருக்கும். அவள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது, அப்புறம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு கையில் ஆரஞ்சுப் பை, இன்னொரு கையில் ஒரு காகித உருளை.

"அண்ணா" என்றான்.

லிஃப்ட்காரரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மனைவிதான் அவரை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினாள். நாலு வருடம் கழித்து இரண்டு பேரும் முகம் பார்த்தார்கள். எப்படி இருக்கே என்று இவர் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் போல, நின்றபடியே ஆரம்பித்தான்.

"இனிமே உங்களுக்கு ஒரு போன்கூட வராது அண்ணா. எல்லா போர்டையும் மாத்திட்டேன். முப்பத்தேழு இடம். லீவு போட்டு நானே போய் ஒட்டினேன்." காகித உருளையைப் பிரித்துக் காட்டினான். மிச்ச ஸ்டிக்கர்கள். "அன்னிக்கு நீங்க பேசினதக் கேட்டேன். தூங்க விடல, தின்ன விடலன்னு சொன்னீங்க. நான் வீட்டுக்குப் போய் அன்னிக்கு சாப்பிடல அண்ணா."

மனைவியின் கையில் ஈரத்துண்டு அப்படியே நின்றது. அவள் கணவனின் வாயைப் பார்த்தாள். ஐந்து நாளாக அதிலிருந்து என்னென்ன வந்தது என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் வந்துவிடப் போகிறது என்று பயந்தாள்.

லிஃப்ட்காரர் தம்பியின் விரல்களைப் பார்த்தார். பசை காய்ந்து நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஐந்து நாள் திட்டிய திட்டு நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஒரு தடவை தப்பாப் பண்ணிட்டேன். இந்த ஒண்ணையாவது உங்களுக்கு சரியாப் பண்ணணும்னு..."

"சரிடா" என்றார் லிஃப்ட்காரர். "உக்காரு."

பிறகு மனைவியிடம், டீ போடு, அவனுக்குச் சர்க்கரை தூக்கலா வேணும் என்றார். அவள் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றாள்.

தம்பி போன பிறகு, ஏன் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள், அவருக்காக அவளுக்கு வந்த கோபம்.

"ஒரு தடவை சொல்லிப் பாத்தாச்சே. எனக்கு நடக்கவா வந்துச்சு?" என்றார்.

அப்புறம் தம்பி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வரத் தொடங்கினான். மனைவிக்கு அது ஒத்தாசைதான். அந்த ஒரு நாளாவது அவளால் மார்க்கெட்டுக்குப் போய் வர முடிந்தது, தங்கை வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. தம்பி ஆரஞ்சை உரித்து நாரெல்லாம் எடுத்து அண்ணன் வாயில் ஊட்டுவான். இவருக்குக் கை நன்றாக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. லிஃப்ட்காரர் வாயைத் திறப்பார். எந்தக் கட்டடத்தில் என்ன லிஃப்ட் போட்டிருக்கிறார்கள் என்று அவன் சொல்வான். இவர் கேட்டுக்கொண்டிருப்பார். முன்னைப் போல இடையில் புகுந்து, அது பேரிங் சத்தம்டா முட்டாளே என்று திட்டுவதில்லை. அண்ணன் இப்ப ரொம்ப சாந்தமாயிட்டார் அண்ணி என்று அவளிடம் அவன் சந்தோஷமாகச் சொன்னான். ஆமாம் என்றாள்.

மற்ற ஆறு நாளும் அவர் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கினார். ஷேவ் செய்துகொள்வதில்லை. எட்டு மணிக்குள் துடைத்துவிடு என்று அவசரப்படுத்துவதில்லை. நர்ஸம்மா ஒரு நாள் கூப்பிட்டாள். வேலையை விட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பெட்டி பெட்டியாக வருகிறதெல்லாம் பால் குடித்துச் செத்துத்தான் வருகிறது, அதைக் கழுவிக் கழுவி மனசு விட்டுப்போயிற்று என்றாள். நல்லது, கடையில வெயில் இருக்காது என்றார் லிஃப்ட்காரர். அவர்கள் பேசியது அதுதான் கடைசி.

மனைவி எப்படியாவது அவர் எண்ணை நாலு பேருக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். லாண்டரியில் சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் வழியில் பறவை விழுந்து கிடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியே ரேசரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். தாடி இப்படி இருந்தால் நோயாளி மாதிரி தெரிகிறது என்றான். சோப்பு நுரையைக் குழைத்து, அண்ணனின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, ஒரு கன்னத்தைப் பொறுமையாக மழித்தான். மற்றதற்குத் திரும்பும்போது லிஃப்ட்காரர் கேட்டார்:

"அந்த ஆந்தை என்னாச்சுடா?"

அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அன்றைய போனைப் பற்றி அவர் பேசினார். தம்பி ரேசரைத் தண்ணீரில் அலசினான்.

"நீங்க சொன்ன மாதிரி பெட்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். பூட்டியிருந்துச்சு. வாசல்லயே உக்காந்திருந்தேன், யாரும் வரல. அது வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. பாக்கவே முடியல அண்ணா." நிறுத்தி, நுரையைத் துண்டில் துடைத்தான். "நீங்க வேணாம்னு சொன்னீங்க. ஆனா பாவமா இருந்துச்சு. பாட்டில் மூடியில எடுத்து வாயில ரெண்டே சொட்டுத் தண்ணிதான் விட்டேன்."

லிஃப்ட்காரர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. சின்ன வயதில், அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகம்தான்.

"எங்க போட்டே?"

"எங்க வீட்டு மொட்டை மாடியில தொட்டி இருக்குல்ல, அதுல புதைச்சேன். மேல செடி வச்சிருக்கேன்."

"ம்" என்றார். நோட்டு தலையணைக்கு அடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"இந்தப் பக்கம் காஞ்சு போவுது பாரு" என்று மற்றக் கன்னத்தைக் காட்டினார். தம்பி மறுபடி நுரையைக் குழைத்தான்.